விக்கெற் யாருக்கு உரியது?

கிரிக்கெற் ஆட்டத்தைப் பற்றி இத்தகையதோர் ஏட்டில் எழுதுவது தகுமா என்று வினவுவோர் இருக்கலாம். வெள்ளைத் துரைமார் தம் ஓய்வுப் பொழுதைக் கழிப்பதற்காகக் கொண்டுவந்த ஆட்டம் அது. கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலக் கல்லூரிகளின் மைதானங்களிலே வேரூன்றியது. இன்றோ விளம்பரக் கம்பனிகளினதும் தொலைக்காட்சி நிறுவனங்களினதும் பெருஞ்சந்தையாக மாறிவிட்டது. இவை யாவும் உண்மையே. ஆயினும், ஒருவனைத் தெரிந்தெடுப்பது, இன்னொருவனை ஒதுக்குவது, தெரிந்தெடுத்தவனிடம் ஒரு காரியத்தைக் கேட்பது, கேட்டதை அவன் செய்தபின் அவனை அளப்பது ஆகிய நான்கும் கோடிக்கணக்கான மக்களின் கண்முன்னே நிகழும் இடம் இவ்வாட்டக்களத்தைப்போல் வேறில்லை. தொழிற்சாலையிலும் கந்தோரிலும் பாடசாலையிலும் இவை பெரும்பாலும் மூடிய கதவுகளுக்குப் பின்னாலேயே நடந்தேறுகின்றன. ஆதலின் அறத்தைப் பற்றிச் சிந்திக்க விரும்புவோர்க்கு மைதானம் வாய்ப்பானதோர் இடமெனவே நாம் கருதுகின்றோம்.

ஒருநாட் சர்வதேசப் போட்டிகளில் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக யாரை அனுப்புவது என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். பத்திரிகைகள் இதனை வெறும் உத்தி பற்றிய வினாவாகவே நோக்குகின்றன. ஒருவர் இடக்கையராகவும் மற்றவர் வலக்கையராகவும் இருப்பது நன்றா, புதுப்பந்து எத்தனை ஓவர் வரை அசையும், விக்கெற் காப்பாளரை முன்னே அனுப்பலாமா என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவர். அவற்றை அத்துறை வல்லாரிடம் விட்டுவிடுவோம். நம்மைத் தொடுவது இவற்றின் அடியிற் கிடக்கும் வேறொரு வினா. களத்தில் இறங்கும் ஒருவனின் விக்கெற் யாருக்கு உரியது? அவனுக்கா, அவனை அனுப்பிவைத்த அணிக்கா?

1975ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், முதலாவது உலகக் கிண்ணம் தொடங்கிய அன்று, லண்டன் லோட்ஸ் மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதின. அக்காலத்தில் ஓரணிக்கு 60 ஓவர்கள். இங்கிலாந்து 4 விக்கெற்றுகளை இழந்து 334 ஓட்டங்களைக் குவித்தது. பதிலுக்கு ஆடிய இந்தியா 60 ஓவர்களையும் ஆடி முடித்து 3 விக்கெற்றுகளுக்கு 132 ஓட்டங்களையே பெற்றது. ஆரம்ப ஆட்டக்காரரான சுனில் காவஸ்கர் முதற் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை களத்தில் நின்றார். சந்தித்த பந்துகள் 174, பெற்ற ஓட்டங்கள் 36, ஆட்டமிழக்கவில்லை.

காவஸ்கரை எள்ளி நகையாடுவதற்காக இதனைக் கூறவில்லை. டெஸ்ற் ஆட்டத்தின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரருள் அவருக்கு இணையானோர் மிகச் சிலரே. புதுப்பந்தின் கூர் மழுங்கும்வரை பொறுத்து நின்று, பின்வருவோர்க்கு நிழல் செய்து கொடுப்பதே ஆரம்ப ஆட்டக்காரனின் தருமம் என்று டெஸ்ற் ஆட்டம் கற்பித்திருந்தது. அத்தருமம் ஐந்து நாள் ஆட்டத்திலே தோன்றியது. ஒருநாட் சர்வதேசப் போட்டியோ 1971 ஜனவரியில், மெல்பேணில் மழையால் டெஸ்ற் ஆட்டமொன்று கைவிடப்பட்டபோது, பார்வையாளருக்காகத் தற்செயலாகப் பிறந்த ஒன்று. அது பிறந்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. பழைய உற்பத்தி முறைக்குரிய ஒழுக்கம் புதிய முறை வந்தபின்னும் சிறிது காலம் நிலைத்திருக்கும் என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சராசரிக் கணக்கிலே, ஆட்டமிழக்காது நிற்பவனின் ஓட்டங்கள் கூடுகின்றன. வகுக்கும் எண் கூடுவதில்லை. எனவே ஏட்டின்படி அன்றைய ஆட்டத்தால் காவஸ்கர் எதனையும் இழக்கவில்லை. இந்தியா 202 ஓட்டங்களால் தோற்றது. தனியாளின் கணக்கும் கூட்டத்தின் கணக்கும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றொன்று கிடைத்தல் அரிது.

இன்று ஓரணிக்கு 50 ஓவர்கள், அதாவது 300 பந்துகள்; 10 விக்கெற்றுகள். 300ஆவது பந்து வீசப்பட்டதும் எஞ்சியிருக்கும் விக்கெற்றுகள் எதற்கும் உதவா. விதைப்புக் காலம் கடந்தபின்னும் மூட்டையிற் கட்டிக் கிடக்கும் விதைநெல்லைப் போன்றவை அவை. ஆகவே ஒருநாள் ஆட்டத்தில் விக்கெற் என்பது காத்து வைத்திருப்பதற்குரிய பொருளன்று. தக்க தருணத்திற் செலவிடுவதற்குரிய பொதுச் சேமிப்பு. இவ்வளவும் எளிய எண்கணிதம். எனினும், பதிவேட்டிலே ஒவ்வொருவன் பெயருக்கு நேரேயும் அவனவன் ஓட்டமே எழுதப்படுகின்றது. அடுத்த சுற்றுப்பயணத்துக்குரிய இடம், அடுத்த ஆண்டு ஒப்பந்தம், ஓய்வுபெற்றபின் கிடைக்கும் வேலை என யாவும் அந்த எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. இந்நிலையில் ஒருவன் தன் விக்கெற்றைத் தன் சொத்தெனப் பொத்திப் பிடித்துக்கொள்வானாயின், அவனைத் தன்னலக்காரன் என்று ஏசுவது சுலபம். ஆயின் அவனை அப்படி ஆக்கியது எது என்று கேட்பதன்றோ முறை?

1992 உலகக் கிண்ணத்தில் முதல் 15 ஓவர்களிலும் வட்டத்துக்கு வெளியே இரண்டே களத்தடுப்பாளர்கள் நிற்கலாமென்ற விதி இருந்தது. நியூசிலாந்து அணித் தலைவர் மார்ட்டின் குரோ, இவ்விதியின் உட்பொருளை நன்குணர்ந்து, மார்க் கிறேற்பாச் என்பவரை முன்னே அனுப்பினார். கிறேற்பாச் முதலில் அணியிலேயே இடம்பெறவில்லை. ஜோன் றைற் காயமுற்றதனால் உள்ளே வந்தவர். தலைக்கு மேலாகத் தூக்கியடிக்கும் அவரது ஆட்டமும் துணைசெய்ய, நியூசிலாந்து முதலேழு ஆட்டங்களிலும் வென்றது. புதுமை பலவும் இங்ஙனம் விபத்துப்போலவே வாசலில் வந்து நிற்கும். அதனை உள்ளே அழைப்பதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவே.

ஆனால் இதனைத் தனியொருவரின் துணிச்சலாக அன்றி ஓரணி முழுவதன் கொள்கையாக மாற்றியது இலங்கையே என்று கூறுவதில் மிகையில்லை. 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் நடந்த மும்முனைத் தொடரில், விக்கெற் காப்பாளரான றொமேஷ் களுவிதாரண ஆரம்ப ஆட்டக்காரராக இறக்கப்பட்டார். மறுபக்கத்திற் சனத் ஜயசூரிய. அடுத்து வந்த உலகக் கிண்ணத்தில் நிகழ்ந்தவற்றை நாடே அறியும். மார்ச் 2ஆம் நாள் டில்லியில் 272 என்ற இலக்கை நோக்கி ஆடியபோது முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் பெறப்பட்டன. மனோஜ் பிரபாகர் என்ற அனுபவமிக்க பந்து வீச்சாளர் அன்று 4 ஓவர்களில் 47 ஓட்டங்களைக் கொடுத்தார். அதன்பின் அவர் இந்தியாவுக்காக ஆடவேயில்லை. (ஒரு சாராரின் புரட்சி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பறித்ததற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.) மார்ச் 9இல் பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் பெற்றார். மார்ச் 17இல் லாகூரில் கிண்ணம் கைக்கு வந்தது.

இவ்வெற்றியை நாம் கலப்பற்ற மகிழ்ச்சியோடு எழுதிச் செல்ல முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்து ஐந்து மாதமும் நிறைந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களில், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களும் அவ்வணியின் ஆட்டத்தைக் கேட்டனர். அவ்வணியிலே முரளிதரன் பந்து வீசினார். அவர்கள் மனத்தில் அன்று என்ன இருந்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம். இங்கே அதனைக் கடந்து செல்கிறோம், மறந்து செல்லவில்லை.

இனி நமது வினாவுக்கு வருவோம். அந்த உலகக் கிண்ணத்தில் களுவிதாரண பெற்ற ஓட்டங்கள் எத்தனை? ஆறு ஆட்டங்களில், முறையே 0, 26, 33, 8, 0, 6. கூட்டினால் 73, சராசரி ஏறத்தாழ 12. பாடசாலைத் தவணைப் பரீட்சையென்றால் சிவப்பு மையிற் கோடிடப்படும் புள்ளி! ஆயினும் ஒருநாள் ஆட்டத்தின் போக்கையே மாற்றிய இருவருள் ஒருவராக அவர் இன்றும் போற்றப்படுகிறார். போற்றுவோர் தவறிழைக்கின்றனரா? இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது 50 ஓட்டங்களன்று. முதற் பந்திலேயே துணிந்து வீசுக, ஆட்டமிழந்தால் இழக்க, எதிரணியின் சிறந்த பந்து வீச்சாளரின் ஒழுங்கைக் குலைத்துவிட்டு வருக என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. அதனை அவர் செய்தார். அப்படியாயின், அவரை 12 என்ற சராசரியால் அளப்பது, நெல்லை அளக்கும் மரைக்காலால் துணியை அளப்பது போலாகும்.

இவ்விடத்தில் நம் பழைய போர்மரபு நினைவுக்கு வருகிறது. படையின் முன்னணியிலே செல்வோரைத் தூசிப்படை என்றனர் முன்னோர். முதலிற் செல்பவர்கள், முதலில் வீழ்பவர்கள் அவர்கள். வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர். பெயரும் பீடும் எழுதினர். வென்ற புகழின் பெரும்பகுதி மன்னனுக்கே போயிற்று என்பதும், பரணி பாடப்பட்டது அவன்மீதே என்பதும் மெய்தான். எனினும், முன்னே சென்று வீழ்ந்தவனைப் பார்த்து, “நீ ஏன் வீழ்ந்தாய்?” என்று எவரும் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை. இன்றைய தெரிவுக் குழுக்களோ மூன்று ஆட்டங்களில் விரைவாக ஆட்டமிழந்தவனிடம் அதனையே கேட்கின்றன. ‘அஞ்சாமல் அடித்தாடு’ என்று கூறி அனுப்பியவர்களே, அடித்தாடி ஆட்டமிழந்தவனைப் ‘பொறுப்பற்ற வீச்சு’ என்று குற்றஞ்சாட்டி நீக்குவதை எந்நாட்டிலும் காணலாம். விக்கெற் அணிக்குரியது என்று கூறி அதனை அவனிடமிருந்து வாங்கிக்கொள்வோர், அவ்விக்கெற் வீழும்போது அந்த இழப்பை மட்டும் அவனுடைய தனிக் கணக்கிலே எழுதுகின்றனர். இலாபம் பொதுவுக்கு, நட்டம் தனியாளுக்கு. முதலாளித்துவ உலகில் நாம் காண்பது பெரும்பாலும் இதன் மறுதலை. அங்கே நட்டமே பொதுவுக்குரியது. இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

துணிச்சலை ஒரு மனிதனின் பிறவிக் குணமென்று எண்ணுவதும் நம்மிடையே பரவியுள்ள மயக்கமாகும். 1996இன் ஆரம்ப ஆட்டக்காரர் இருவரும் எதன்மேல் நின்று துணிந்தனர் என்று பார்த்தால் இது விளங்கும். மார்ச் 13ஆம் நாள் கல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதி. ஸ்ரீநாத் வீசிய முதல் ஓவரிலேயே இருவரும் ஆட்டமிழந்தனர். களுவிதாரண 0, ஜயசூரிய 1. அணியின் ஓட்டம் 1. ஓர் இலட்சம் பார்வையாளர் கூடியிருந்த மைதானம் அது. அரவிந்த டி சில்வா வந்தார். அஞ்சி ஒதுங்கவில்லை, பந்துகளைவிட அதிகமாய் ஓட்டங்களை எடுத்து 66இல் ஆட்டமிழந்தார். அணி 8 விக்கெற்றுகளுக்கு 251 ஓட்டங்களை எட்டியது. லாகூர் இறுதியாட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. 23 ஓட்டங்களுக்குள் ஆரம்ப ஆட்டக்காரர் இருவரும் போயினர். பின்பு அசங்க குருசிங்க 65, அரவிந்த 107, அர்ஜுன றணதுங்க 47. பின்னிருவரும் ஆட்டமிழக்கவில்லை, 7 விக்கெற்றுகளால் வெற்றி. ஆக, மிக முக்கியமான இரு ஆட்டங்களிலும் புகழ்பெற்ற ஆரம்பச் சோடி தோல்வியுற்றது. ஆனால் அத்தோல்வியைத் தாங்குவதற்கு ஒரு நடுவரிசை இருந்தது. அந்த நடுவரிசை இருந்தமையாலேயே தொடக்கத்திற் துணிய முடிந்தது. வயிற்றுக்கு உறுதியுள்ளவனே வாழ்க்கையிற் பரிசோதனை செய்கிறான். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாதவனைத் துணிச்சலற்றவன் என்று பழிப்பது அறியாமை. நடுவரிசை நொறுங்கிப்போன ஓரணி தன் இளம் ஆரம்ப ஆட்டக்காரனிடம் 1996இன் துணிவை வேண்டுவதும் அத்தகைய அறியாமையே.

அந்த அரையிறுதியில் இன்னொருவரும் ஆடினார். றொஷான் மஹாநாம. 58 ஓட்டங்களைப் பெற்றபின் தசைப்பிடிப்பால் நிற்க முடியாமல் வெளியேறியவர். 1992 உலகக் கிண்ணத்தில் இலங்கையின் ஆரம்ப ஆட்டக்காரர் அவரே, சீரான நுட்பமுடையவர். களுவிதாரண முன்னே வந்தபோது இடம் இழந்தவர் அவர். எந்தத் தெரிவும் இருபக்கக் கூர்மையுடையது. ஒருவனுக்கு இடம் கொடுக்கும்போது இன்னொருவனிடமிருந்து அதனைப் பறிக்கிறது. மஹாநாம தவறிழைத்ததனாலோ தகுதி குறைந்ததனாலோ அவ்விடத்தை இழக்கவில்லை. ஆட்டத்தின் தேவை மாறியது. அவருடைய நற்பண்புகளுக்கு வேறோரிடம் உரியதாயிற்று. அவரை வெளியே தள்ளாமல் கீழ்வரிசையில் வைத்துக்கொண்டதில் அன்றைய அணித் தலைமையின் நியாயவுணர்வைக் காண்கிறோம். அந்த வரிசைமாற்றம் இல்லாதிருந்தால், கல்கத்தாவில் மூன்று விக்கெற்றுகள் விழுந்தபின் நிலைத்து நிற்க ஓர் ஆரம்ப ஆட்டக்காரரின் பொறுமையுள்ளவர் கிடைத்திருக்கமாட்டார்.

தகுதி என்ற சொல்லையும் சற்று அலசுவது நல்லது. தகுதியுள்ளவனைத் தெரிக என்பர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் தகுதி முன்பே முழுமையாக உருவாகி, தெரிவுக் குழுவின் கண்ணுக்காகக் காத்திருக்கும் பொருளா? மாத்தறையிற் சாதாரண குடும்பத்திற் பிறந்த ஜயசூரிய 1989 டிசம்பரில் முதன்முதலாக இலங்கைக்கு ஆடினார். தொடக்கத்திற் கீழ்வரிசையில் இறங்கும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகவே அவரைக் கருதினர். முதலாவது சதத்தைப் பெறுவதற்கு அவருக்கு ஐந்து ஆண்டுகள் சென்றன. ஆட்டவாழ்வு முடிந்தபோது 13,430 ஓட்டங்களும் 28 சதங்களும் அவர் பெயரில் இருந்தன. சச்சின் டெண்டுல்கரை எடுத்துக்கொண்டாலும் இதுவே. ஏறத்தாழ எழுபது ஒருநாட் போட்டிகளில் நடுவரிசையில் ஆடியும் அவர் ஒரு சதமும் பெறவில்லை. 1994 மார்ச் 27இல் ஒக்லந்தில் சித்துவின் கழுத்துப் பிடிப்பால் ஓரிடம் காலியானது. அவர் கேட்டு வாங்கி ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கி 49 பந்துகளில் 82 ஓட்டங்களைப் பெற்றார். அவர் ஈற்றிற் பெற்ற 49 சதங்களில் 45 ஆரம்ப ஆட்டக்காரராகப் பெற்றவை. முதலாவது சதம் அதே ஆண்டு செப்ரெம்பரில் நம் கொழும்பிலேயே பெறப்பட்டது. 2011 உலகக் கிண்ணத்துக்கு இந்தியா தெரிந்த 15 பேரில் இடம்பெறாத றோகித் சர்மா, 2013இல் ஆரம்ப ஆட்டக்காரராக உறுதிபெற்றபின் மூன்று இரட்டைச் சதங்களைப் பெற்றார். அவற்றுளொன்று 2014இல் இலங்கைக்கு எதிரான 264. இவர்களுக்குத் தகுதி இருந்தது. அது இடத்துக்காகக் காத்திருந்தது என்று சிலர் கூறுவர். இடமே அதனை ஆக்கியது என்று கூறுவதற்கும் அதேயளவு ஆதாரமுண்டு. எவருக்கும் கழுத்துப் பிடிக்காததால் இடம் கிட்டாமலே போனவர்களின் பெயர்களை எந்த ஏட்டிலும் காணமுடியாது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி கீழே நின்ற சிறுவரைப் பற்றி நாம் எவ்வளவு அறிவோமோ அவ்வளவுதான் அவர்களைப் பற்றியும் அறிவோம்.

டெண்டுல்கர் அன்று வாய்ப்புக் கேட்டபோது, தவறினால் இனிமேற் கேட்கமாட்டேன் என்று வாக்களித்தாராம். இந்நிகழ்ச்சியை அவரது தன்னம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துரைப்பது வழக்கம். நமக்கோ அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. அன்று 20 வயதுடைய, தன் ஆற்றலை உலகறிந்த ஒருவனே இத்தகைய பணயத்தை வைத்துத்தான் ஒரு பரிசோதனைக்கு அனுமதி பெறவேண்டியிருந்தது. தவறியிருந்தால்? ஒரு காலைப்பொழுதின் தவறு ஒரு மனிதனைப் பற்றிய முடிவாகியிருக்கும். வெற்றி பெற்ற கதைகளை மாத்திரம் கேட்டுப் பழகிய நாம் அம்முறையின் கொடுமையைக் காண்பதில்லை.

இவ்வளவையும் கூறியபின், விக்கெற் முழுவதும் அணிக்கே உரியது என்று முடித்துவிடலாமா? நம் தோழர்களிற் சிலர் அப்படியே முடிப்பர். கூட்டத்தின் நலன் முன்னே தனியாள் எம்மாத்திரம் என்பர். அவர்கள் 1975 ஜூன் 11ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். லண்டன் ஓவல் மைதானம். அவுஸ்திரேலியா 5 விக்கெற்றுகளுக்கு 328. டெஸ்ற் தகுதியே பெறாத இலங்கை பதிலுக்கு ஆடுகிறது. பந்து வீசுபவர் ஜெவ் தொம்சன். அக்காலத்தில் உலகிலேயே மிக விரைவாக வீசியவர்களுள் ஒருவர். தலைக்கவசம் இல்லாத காலம். ஆரம்ப ஆட்டக்காரர் சுனில் வெத்தமுனி 53 ஓட்டங்கள் பெற்றிருந்த நிலையிற் பந்தால் அடிபட்டு வெளியேறினார். துலிப் மெண்டிஸ் 32இல் தலையில் அடிபட்டு விழுந்தார். இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். இலங்கை 4 விக்கெற்றுகளுக்கு 276 ஓட்டங்களைப் பெற்றுப் பெருமையுடன் தோற்றது. அந்தப் பெருமை நாட்டுக்குரியது. கால் யாருக்குரியது? விக்கெற்றைப் பொதுவுடைமை என்று நாம் வாதிடலாம். உடம்பை அப்படி வாதிட முடியாது. தலைக்கவசம் வந்தபின்னும் இவ்வினா தீரவில்லை. 2013 ஜனவரியில் மெல்பேணில், இலங்கைக்கு எதிராகத் தன் முதலாவது ஒருநாட் சர்வதேசப் போட்டியிலேயே ஆரம்ப ஆட்டக்காரராக 112 ஓட்டங்கள் பெற்ற பிலிப் ஹியூஸ், 2014 நவம்பரில் சிட்னியில் உள்நாட்டுப் போட்டியொன்றிற் கழுத்திற் பந்து பட்டு இறந்தார். வயது 25. அணிக்குள்ளும் வெளியிலுமாக அலைக்கழிந்து, மீண்டும் ஓரிடத்தைப் பெறுவதற்காக ஆடிக்கொண்டிருந்தவர் அவர்.

ஆதலின் ஒருவனை முன்னே அனுப்புவோர் அவனிடம் கேட்கலாகாதவையும் உள. கேட்கக்கூடியதையும் அவன் அறிய, அவன் இசைய, வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். கேட்டதன்படியே பின்னர் அளத்தல் வேண்டும். வள்ளுவர் அரசியலிலே, ஆளைத் தெரிந்து தெளிவதற்கு ஓரதிகாரமும், தெளிந்தபின் அவனிடம் வினையை ஒப்படைப்பதற்கு இன்னோரதிகாரமுமாக இரண்டு வைத்தார். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவன்மேல் ஐயங்கொள்வதும் ஒரே தரத்துக் கேடுகள் என்பது அவர் கருத்து. நம் தெரிவுக் குழுக்கள் இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதில் வல்லன.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். தெரிபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் இன்னொருவர், தோற்றபின் பதில் கூறுபவர் எவருமிலர். 2011 ஜூன் 28ஆம் நாள், ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஜயசூரிய தம் இறுதி ஒருநாட் போட்டியை ஆடினார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். 42 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தன. அவ்வாண்டு உலகக் கிண்ண அணியிலும் அவர் இருந்தவரல்லர். அவர் பெற்றது 2 ஓட்டங்கள். மாபெரும் வீரருக்கு மரியாதையாக விடைகொடுத்தோம் என்றனர். மரியாதை செய்வதற்குப் பொன்னாடை இருக்கிறது, மேடை இருக்கிறது, மைதானத்துக்குப் பெயர் சூட்டலாம். ஆரம்ப ஆட்டக்காரரின் இடம் அதற்குரிய பொருளன்று. அன்று அவ்விடத்தில் இறங்கியிருக்க வேண்டிய இளைஞன் யார் என்பதை எவரும் கேட்கவில்லை. முன்னர் செய்த தொண்டுக்காக ஓரிடத்தை ஒருவருக்கு உரிமையாக்குவோமாயின், அந்த இடமும் பரம்பரைக் காணியைப் போலாகிவிடும்.

கேட்டதைச் செய்தானா என்பதே அளவுகோலாயின், ஒருவனை எப்போதுதான் நீக்குவது என்று நம்மை மடக்குவோர் உளர். நியாயமான தடை. அடிக்கச் சொன்ன ஓவர்களில் அடிக்காமல் தன் சராசரியைக் காத்துக்கொண்டவனை நீக்கலாம். அடிக்க முயன்றும் பந்தைத் தொடவே இயலாதவனை, பயிற்சி கொடுத்துப் பார்த்தபின் நீக்கலாம். எதிரணி அவன் வழியை அறிந்து அடைத்துவிட்டால், மஹாநாமவுக்குச் செய்ததுபோல வேறோரிடத்தில் வைத்துப் பார்க்கலாம். இவை எல்லாவற்றுக்கும் காலம் வேண்டும். எவ்வளவு காலம் தரப்படும் என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுவதும் வேண்டும். நான்கு ஆட்டம் என்றால் நான்கு, பத்தென்றால் பத்து. சொல்லாமல் விடப்பட்ட காலம் ஒவ்வொரு பந்திலும் அவன் கையைப் பிடித்து இழுக்கும்.

1996இன் அணித் தலைமை இதனை எழுத்தில் எங்கும் வகுத்ததாக நாம் அறியோம். ஆனால் நடத்திக் காட்டியது. கொழும்பில் ஸிம்பாப்வேக்கு எதிரான முதலாட்டத்தில் களுவிதாரண ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்தார். டில்லியிலும் கண்டியிலும் பைசலாபாத்திலும் அவரே இறங்கினார். கல்கத்தாவில் மீண்டும் 0. நான்கு நாட்களின் பின் லாகூரில், உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, 242 என்ற இலக்கை நோக்கி இலங்கை ஆடத் தொடங்கியபோது, ஜயசூரியவோடு மைதானத்துள் நடந்து வந்தவர் அதே களுவிதாரணதான்.